கடைக்கு கேமரா மாட்டப் போறீங்களா, இதைய ஒருக்கா படிச்சுட்டு மாட்டுங்க

போன மாசம் எங்க ஒறம்பரைல ஒரு தம்பி சத்தியமங்கலத்துல புதுசா கடை தொறக்கறேன்னு போன் பண்ணுச்சு, "அக்கா, 16 கேமரா போட்டாப் போதுமுங்களா"ன்னு. கேமராக் கணக்கு அப்பறம் பாக்கலாம் சாமி, மொதல்ல உன்ற கடைல எது காணாமப் போகும்னு சொல்லுன்னேன், அதுக்கு பதில் இல்லை. அன்னைக்கு ஒரு மணி நேரம் போன்ல பேசுனதைத்தான் கொஞ்சம் எச்சா சேத்தி இங்க எழுதறேன். நான் கேமரா மாட்டற ஆளு இல்லீங்க, கோபி பக்கத்துல கடை வெச்சிருக்கறவ. எங்களுது 20 அடி அகலம் 60 அடி நீளம், முன்னால மளிகை, நடுவுல சோப்பு சாம்பு ஃபேன்ஸி, கடைசீல கொஞ்சம் ரெடிமேடு துணி. மாமனாரு காலத்துல சரக்கு பூராவும் அவருக்கு பின்னால இருக்கும், கேட்டா எடுத்துக் குடுப்பாரு, எவன் வந்து திருடறது? நாங்கதான் இடிச்சுக் கட்டி ஜனங்களே எடுத்துக்கற மாதிரி ரேக்கு போட்டோம், அன்னைக்குப் புடிச்சுது கெரகம்.

மொதல் சோலி கேமரா இல்லீங்க, நோட்டு. கடைல சின்னதா இருந்து வெலை எச்சா இருக்கற பொருளு ஒரு 20 எழுதிக்குங்க. ஷேவிங் பிளேடு, சென்ட்டு பாட்டலு, முந்திரி பாக்கெட்டு, ஏலக்கா, கொழந்தைக சோப்பு, ஃபேஸ் கிரீமு, நெய் பாட்டலு, உள்ளாடை இந்த மாதிரி. ஞாயித்துக்கெழமை நைட்டு கடை சாத்துனதுக்கப்பறம் அந்த 20ஐ மட்டும் எண்ணி பில்லிங் மிஷின்ல இருக்கற ஸ்டாக்கோட ஒத்துப் பாருங்க, கால் மணி நேர வேலைதான். நாலு வாரம் எண்ணுனா எது எங்க ஓடுதுன்னு தெரிஞ்சுரும். நாங்க எண்ணுனப்ப எனக்கே வெக்கமாப் போச்சு, ஏன்னா கொறஞ்சதுல பாதிக்கு பாதி திருட்டே இல்லை. நெய்ல 200 மில்லிய 100 மில்லி பார்கோடுல பில் போட்டிருக்கறாங்க, ஒரு சப்ளை வண்டிக்காரன் டஜனுக்கு 11 எறக்கிட்டு 12க்கு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கறான், எக்ஸ்பைரி ஆனதை எழுதாமயே குப்பைல போட்டிருக்கறாங்க, குடோன்ல எலி வேற. இதையெல்லாம் பாக்காம கேமரா மாட்டியிருந்தா வந்தவங்க போனவங்க மேலயெல்லாம் சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருப்போம்.

ரெண்டாவது சோலி கடைய மாத்தி அடுக்கறது, இதுக்கு காசே ஆகாது. எங்க நடு ரேக்கு மொதல்ல ஆறடி ஒசரம், அதுக்கு அக்கட்டால ஆள் நின்னா தலை கூட தெரியாது, திருடறதுக்கு நாங்களே ரூம் கட்டிக் குடுத்த மாதிரி. அதைய நாலரை அடிக்கு எறக்குனோம். கல்லாவ வாசப்படிக்கு ஒட்டி ஒரு பக்கமா கொண்டு வந்தோம், வெளிய போறவங்க கல்லாவத் தாண்டித்தான் போகோணும். மூலைல வட்டமா புடைச்ச கண்ணாடி ஒண்ணு, நடுச்சந்துல எரியாம கெடந்த ரெண்டு டியூப்லைட்டுக்கு பதிலா புதுசு. பிளேடும் சென்ட்டும் கல்லாக்கு பின்னால போயிருச்சு, வேணுங்கறவங்க கேட்டு வாங்கிக்கறாங்க, ஒருத்தரும் கோவிச்சுக்கல. பெரிய பை கொண்டு வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்து பைய வாங்கி வெப்போம், ஆனா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வாங்கோணும், கார்ல வர்றவங்க ஹேண்ட்பேக்க உட்டுட்டு பஸ்ல வர்றவங்க கட்டப்பைய மட்டும் வாங்கி வெச்சா அது திருட்டைத் தடுக்கறது இல்லை, ஆளப் பாத்து எடை போடறது.

எல்லாத்தையும் விட வேலை செய்யறது ஒரு வார்த்தைதான், "வாங்க்கா, என்ன வேணும், எடுத்துத் தரட்டுமா?" உள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் கடைப் புள்ளைக மொகத்தைப் பாத்து கேட்டுரோணும். வாங்க வந்தவங்களுக்கு சந்தோசம், எடுக்க வந்தவங்களுக்கு நம்மளப் பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சுரும். எங்களுக்கு துணி எடுக்கற எடத்துலயும் ஒரு கணக்கு இருக்குது, அஞ்சு உருப்படிக்கு மேல மேசை மேல விரிக்கறது இல்லை, ஆறாவது வேணும்னா மொதல்ல பாத்ததுல ஒண்ண மடிச்சு உள்ள வெச்சுட்டுத்தான் எடுக்கோணும். ஈரோட்டு ஜவுளிக் கடைகள்ல வேலை பாத்த ஒரு அக்காதான் இதைய சொல்லிக் குடுத்தாங்க. நோம்பி நேரத்துல நாலு பேரு ஒட்டுக்கா வந்து ஆளுக்கொண்ண கேப்பாங்க, ஒருத்தரு மேல் ரேக்குல இருக்கறதைக் காட்டி எடுக்கச் சொல்லுவாங்க, நாம ஸ்டூல் மேல ஏறுனோம்னா கீழ என்ன நடக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? அதனால ஸ்டூல் ஏறறப்ப கீழ இன்னொருத்தி நிக்கோணும்னு சட்டமே போட்டுட்டேன்.

சரி, இப்ப கேமராவுக்கு வர்றேன். மாட்ட வர்றவரு 2.8 எம்எம் லென்ஸுன்னா கடை முழுக்க தெரியும்னு சொல்லுவாரு, தெரியும், ஆனா எப்படித் தெரியும்னு கேளுங்க. 1080பி கேமராங்கறது படத்தோட அகலத்துல 1920 புள்ளி. ஒரு மொகத்தைப் பாத்து இன்னார்தான்னு அடையாளம் சொல்றதுக்கு ஒரு மீட்டருக்கு 250 புள்ளியாச்சும் விழுகோணும்னு இந்தத் தொழில்ல ஒரு அளவுகோல் இருக்குது, அதாவது மொகத்து அகலத்துக்கு 40 புள்ளி. 2.8 எம்எம் லென்ஸு சுமார் 100 டிகிரிக்கு விரிஞ்சு பாக்கறதால பத்தடிக்குள்ள நிக்கறவங்க மொகந்தான் அந்தக் கணக்குல வரும். 3.6 எம்எம்ல சுமார் 15 அடி. எங்க கடை மாதிரி 60 அடி நீளத்துக்கு ஒரு மூலைல 2.8ஐ மாட்டுனா அந்தக் கடைசீல நிக்கறவங்க மொகம் ஏழு புள்ளி, கொழுக்கட்டையாட்டத் தெரியும். சினிமால மாதிரி பெருசு பண்ணிப் பாக்கலாம்னு நெனைக்காதீங்க, இல்லாத புள்ளி எங்கிருந்து வரும்?

அதனால மொகம் தெரியறதுக்கு ஒரே ஒரு எடத்துல நல்ல கேமரா போதும், வாசல்ல. கூரைல மாட்டாதீங்க, கூரைலருந்து பாத்தா உச்சந்தலையும் வழுக்கையுந்தான் தெரியும். ஏழடி ஒசரத்துல, உள்ள வர்றவங்க நேரா பாக்கற மாதிரி வெக்கோணும். எங்க வாசப்படி மேக்கால பாத்தது, சாயங்காலம் நாலு மணி வெயில்ல உள்ள வர்றவங்க எல்லாரும் கருப்பு நிழலாத்தான் வந்தாங்க, அப்பறம் டபுள்யூடிஆர்னு, வெளிச்சமும் நிழலும் சேந்து இருந்தாலும் ரெண்டையும் தெளிவாக் காட்டற வசதி இருக்கற கேமராவா மாத்துனதும் சரியாப் போச்சு, வாங்கறப்பவே அதைய கேட்டு வாங்கிருங்க. மத்த சந்துகளுக்கு ஆள் எங்க போறாங்க கை எங்க போகுதுன்னு தெரிஞ்சாப் போதும், மொகம் வேண்டியதில்லை. வாசல் ஒண்ணு, கல்லா ஒண்ணு, சந்துக்கு மூணு, குடோனுக்கு ஒண்ணு, ஷட்டருக்கு வெளிய ஒண்ணு, மொத்தம் ஏழுதான் எங்களுக்கு. 16 எல்லாம் மாட்டி ஆர் பாக்கறது?

கல்லா கேமரா பத்தி ஒண்ணு நல்லா கேட்டுக்குங்க. அது பாக்க வேண்டியது நோட்டையும் கல்லாப்பொட்டியையும் பில் போடற கையையும். கார்டு தேய்க்கற மிஷினோட பட்டனும், போன்ல யூபிஐ பின் அடிக்கற வெரலும் அதுல தெரியவே கூடாது. எங்களுது ஆரம்பத்துல அப்படித்தான் தெரிஞ்சுது, பையன் கோயமுத்தூர்ல காலேஜுலருந்து லீவுக்கு வந்தவன் பாத்துட்டு, "அம்மா, இந்த ரெக்கார்டிங்க எவனாச்சும் எடுத்தான்னா ஊர்ல இருக்கற எல்லாத்தோட பின் நம்பரும் அவன் கைல"ன்னான். அன்னைக்கே ஏணி போட்டு கேமராவ ஒரு சாண் திருப்புனோம். உங்க கடைல இன்னைக்கே போய் பாருங்க, பாதிக் கடைல இப்படித்தான் இருக்கும்.

டிரையல் ரூமுக்கு உள்ள கேமரா வெக்கக் கூடாதுங்கறது சொல்லித்தான் தெரியோணுமா, ஆனா வெளிய மாட்டுன கேமரா உள்ள பாக்குதான்னு ஆரும் சோதிச்சுப் பாக்கறது இல்லை. 2015 ஏப்ரல்ல கோவாவுல ஒரு துணிக்கடைல அப்ப மத்திய மந்திரியா இருந்த ஸ்மிருதி இரானி துணி போட்டுப் பாக்கப் போனப்ப டிரையல் ரூம் பக்கமா பாத்தாப்புல கேமரா இருந்துச்சுன்னு பெரிய பிரச்சனை ஆச்சு, போலீஸ் கேஸ் ஆச்சு, கடைக்காரங்க அது கடையக் கண்காணிக்க வெச்சதுன்னு சொன்னாங்க. மந்திரின்னால வெளிய வந்துச்சு, நம்ம ஊரு அம்மிணிகளுக்கு நடந்தா ஆர்கிட்டயும் சொல்லாம அந்தக் கடைக்கு வராம நின்னுக்குவாங்க, அவ்வளவுதான். எங்க டிரையல் ரூம் தடுப்பு மேல ரெண்டடி காலியா இருந்துச்சு, நான் ஸ்டூல் மேல ஏறி கேமரா இருக்கற எடத்துலருந்து பாத்தேன், உள்ள நிக்கறவங்க தோள் வரைக்கும் தெரியுது. அன்னைக்கே பிளைவுட்டு போட்டு கூரை வரைக்கும் அடைச்சாச்சு. டிவிஆர், அதாவது எல்லாக் கேமராப் படமும் பதிவாகற பொட்டி, அதோட மெனுவுல படத்துல ஒரு பகுதிய மட்டும் கருப்பாக்கற வசதி இருக்குது, பிரைவசி மாஸ்க்குன்னு இருக்கும், கதவுக்கு மேல அந்தக் கட்டத்தைப் போட்டுட்டா கதவு தொறந்திருந்தாலும் எதுவும் பதிவாகாது. வெளிக் கேமராவுல எதுத்த ஊட்டுத் திண்ணை தெரியுதுன்னா அதுக்கும் இதே மாஸ்க்கப் போட்டுருங்க, அவங்க ஊட்டுக்கு ஆர் வந்தா ஆர் போனா நமக்கென்ன.

டிரையல் ரூம்ல துணி காணாமப் போறதுக்கு கேமரா இல்லாமயே வழி இருக்குது. 1, 2, 3ன்னு பெருசா எழுதுன பிளாஸ்டிக் அட்டை, உள்ள எத்தனை துணி போகுதோ அந்த நம்பர் அட்டையக் கைல குடுத்து உடுங்க, வெளிய வந்தா அட்டையும் துணியும் ஒத்துப் பாத்துக்கலாம், பொம்பளப் புள்ள ஒருத்தி அங்க நின்னாப் போதும். வெலை எச்சா இருக்கற துணிக்கு பீப் அடிக்கற டேகு மாட்டலாம், வாசல்ல ரெண்டு கம்பம் நிக்குமே அதான். அது ரெண்டு வகை, 58 கிலோஹெர்ட்ஸ்ல ஒண்ணு, 8.2 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு, கம்பமும் டேகும் ஒரே வகையா இருக்கோணும். கோயமுத்தூரு ஒப்பணக்கார வீதி மாதிரி எடத்துல பெரிய கடைக்கு சரி, எங்களாட்டக் கடைக்கு அட்டையே போதும். பில் போடறப்ப டேகை கழட்ட மறந்துட்டு வாசல்ல பீப் அடிச்சு வாங்குனவங்க மானத்தை வாங்கறது இருக்குதே, அதைய நான் பெரிய கடைகள்ல நெறைய பாத்திருக்கறேன், அங்க தப்பு யாரு மேல?

பேச்சைப் பதிவு பண்ணற மைக்கு இப்ப நெறையக் கேமராவுல சேந்தே வருது. ஆஃப் பண்ணிருங்க. சோப்பு திருடறதை காதுல கேட்டு கண்டுபுடிக்க முடியாது, ஆனா கடைக்கு வர்ற பொம்பளைக பேசற குடும்பச் சங்கதியெல்லாம் உங்க பொட்டில ஏறிட்டே இருக்கும். வேலை செய்யற புள்ளைக சோறு திங்கற எடத்துலயும் கேமரா வேண்டாம். கல்லாவுலயும் குடோன்லயும் இருக்குதுன்னு அவங்க வேலைக்கு சேர்றப்பவே வாயால சொல்லிருங்க.

பொட்டி சமாச்சாரம் கொஞ்சம் வெசையா சொல்றேன். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல, அதாவது நொடிக்கு 2 மெகாபிட் கணக்குல பதிவு பண்ணுச்சுன்னா ஒரு நாளைக்கு 21 ஜிபி சொச்சம், ஏழு கேமராவுக்கு 150, 2 டிபி ஹார்ட் டிஸ்க்கு 13 நாள்ல நெறைஞ்சு பழசு மேலயே எழுத ஆரம்பிச்சுரும். படத்தை இன்னும் சுருக்கி வெக்கற எச்.265ங்கற முறைக்கு செட்டிங்க மாத்தி 1 எம்பிபிஎஸ்ல வெச்சா 26 நாள் வரும். வாரம் ஒருக்கா ஸ்டாக் எண்ணறவங்களுக்கு அது தாராளம், ஊரு ஜனத்தோட மொகத்தை ஆறு மாசத்துக்கு சேத்து வெச்சு நாம என்ன பண்ணப் போறோம். டிஸ்க்கு கண்காணிப்புக்குன்னே தனியா விக்கறாங்க, அதைய வாங்குங்க, பழைய கம்ப்யூட்டர்லருந்து கழட்டுனதை மாட்டி உடறவங்க இருக்கறாங்க. கோடை மழை இடிக்கு ஒருக்கா எங்களுக்கு மூணு கேமரா ஒட்டுக்கா போச்சு, அதுக்கப்பறந்தான் எர்த்து சரி பண்ணுனோம், சின்ன யூபிஎஸ்ஸும் வெச்சோம். பொட்டி கல்லாக்கு கீழ பளிச்சுனு தெரியற மாதிரி இருக்கக் கூடாது, பூட்டை ஒடச்சு வர்றவன் மொதல்ல அதையத்தான் தூக்கிட்டுப் போவான். அப்பறம் பொட்டியோட கடியாரம். எங்களுது 40 நிமிசம் பின்னால ஓடிட்டு இருந்துச்சு, பில்லுல இருக்கற நேரமும் படத்துல இருக்கற நேரமும் ஒத்தே வராது. இதைய ஏன் இத்தனை அழுத்தி சொல்றேன்னு கீழ வரும்.

பாஸ்வேர்டு. மாட்டுனவரு அட்மின்னு ஒரு பேரு, 12345 மாதிரி ஒரு நம்பரு போட்டுட்டுப் போயிருப்பாரு. 2016ல மிராய்ங்கற வைரஸு இப்படி கம்பெனி பாஸ்வேர்டை மாத்தாம உட்ட கேமராவும் டிவிஆருந்தான் ஒலகம் முழுக்க லட்சக்கணக்குல புடிச்சு, அக்டோபர் 21 அன்னைக்கு அமெரிக்காவுல நெறைய பெரிய வெப்சைட்ட படுக்க வெச்சுது. 2025 பிப்ரவரில குஜராத் ராஜ்கோட்டுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக் கேமராவுலருந்து பொம்பளைகளை டாக்டரு சோதிக்கற வீடியோவே வெளிய போய் வித்தாங்கன்னு போலீஸ் ஆளுகளப் புடிச்சாங்க. எங்க கதைய கேளுங்க, மாட்டி ரெண்டு வருசம் கழிச்சு ரிப்பேருக்கு வந்த ஆளு தன்ற போன்லயே எங்க கடையத் தொறந்து, "இங்க பாருங்க்கா, மூணாவது கேமரா வரல"ன்னு காட்டறான்! அந்த ரெண்டு வருசமும் நான் கடைல குனிஞ்சு நிமிந்தது பூராவும் அவன் போன்ல இருந்திருக்குது. நல்ல பையந்தான், தப்பா எதுவும் பண்ணல, ஆனாலும் எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு. மாட்டி முடிச்ச அன்னைக்கே அவரு எதுத்தாலயே பாஸ்வேர்டை மாத்துங்க, அவரு போன்லருந்து நம்ம பொட்டிய எடுக்கச் சொல்லுங்க, வெளியிலருந்து பாக்கறது எங்கூட்டுக்காரரு போன் ஒண்ணுலயும் என்ற போன் ஒண்ணுலயும் மட்டுந்தான் இப்ப. புதுசா வாங்கறவங்க இன்னொண்ணும் கேளுங்க, 2025 ஏப்ரல் 9லருந்து இந்தியாவுல விக்கற கேமராவுக்கு பாதுகாப்புச் சோதனை கட்டாயம், அந்தச் சான்று இருக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க, கொறஞ்ச வெலைன்னு பழைய சரக்கை தலைல கட்டிருவாங்க.

வாசல்ல போர்டு வைங்க. "திருடர்கள் ஜாக்கிரதை"ன்னு எழுதாதீங்க, உள்ள வர்ற எல்லாரையும் திருடன்னு சொல்ற மாதிரி இருக்கும். நாங்க எழுதியிருக்கறது இதுதான்: "இந்தக் கடைக்குள் பாதுகாப்புக்காக கேமரா பதிவு நடக்கிறது. உடை மாற்றும் அறையில் கேமரா இல்லை. பதிவு 26 நாளில் தானாக அழிந்துவிடும். கேள்வி இருந்தால் கல்லாவில் கேளுங்கள்." அந்த ரெண்டாவது வரிக்கு அப்பறம் துணி போட்டுப் பாக்கற பொம்பளைக எண்ணிக்கை கூடுச்சுன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு, எனக்கும் அப்படித்தான் தோணுது. 2017 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு ஒம்போது ஜட்ஜு உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க, அதுக்கப்பறம் 2023ல டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதோட விதி 2025 நவம்பர்ல வந்திருக்குது, கடமையெல்லாம் முழுசா அமலுக்கு வர்றது 2027 நடுவுல. சட்டம் வர்றப்ப பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, போர்டு எழுத 300 ரூவாதான் ஆகும். மொகத்தை வெச்சு ஆளக் கண்டுபுடிக்கற சாப்ட்வேர் வேற இப்ப விக்க வர்றாங்க, பழைய திருடன் வந்தா போன்ல மணி அடிக்கும்ங்கறாங்க. அமெரிக்காவுல ரைட் எய்டுங்கற மருந்துக்கடை கம்பெனி அதைத்தான் வெச்சுது, ஒண்ணும் பண்ணாத ஜனத்தையெல்லாம் திருடன்னு காட்டுச்சு, 2023 டிசம்பர்ல அங்க அரசாங்கம் அஞ்சு வருசத்துக்கு அதைய தொடக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. நாங்க வேண்டாம்னு தாட்டி உட்டுட்டோம்.

இப்ப அந்தக் கடியாரக் கதை. ஆடி மாசம், கூட்டம். ஸ்டாக்குல ஒரு முந்திரி பாக்கெட்டு கொறையுதுன்னு பதிவை ஓட்டிப் பாத்தா ஒரு ஆத்தா மஞ்சப்பைக்குள்ள ஏதோ வெக்கற மாதிரி தெரியுது, 40 அடி தூரத்துப் படம், மொகம் கூட சரியாத் தெரியல, சேலை நெறம் மட்டுந்தான். மூணு நாள் கழிச்சு அதே சேலைல அந்த ஆத்தா வந்தப்ப நான் கல்லாலருந்தே, நாலு பேரு நிக்கறப்ப, "பைய காட்டுங்காத்தா"ன்னுட்டேன். அவங்க ஒரு வார்த்தை பேசலீங்க. பையத் தலைகீழா கல்லா மேல கொட்டுனாங்க, வெத்தலை, பாக்கு, சுருக்குப்பை, சுகரு மாத்திரை அட்டை, பிங்க் பஸ் டிக்கெட்டு. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து உள்ள வெச்சுட்டு போயிட்டாங்க. அன்னைக்கு நைட்டு பில்லு பூராவும் பாத்தா அந்த முந்திரி வேற ஒருத்தருக்கு பில் ஆயிருக்குது, கடியாரம் 40 நிமிசம் தப்புங்கறதால நான் பாத்த படம் வேற நேரத்துது, ஸ்டாக்குல கொறஞ்சது பழைய பதிவுத் தப்பு. அந்த ஆத்தா தோட்டத்துச் சனம் ஒருத்தரும் அப்பறம் எங்க கடைக்கு வரல. எங்கூட்டுக்காரரு போய் கேட்டுட்டு வந்தாரு, நானும் போனேன், மோர் குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன். கடைக்கு மட்டும் வரல.

அதனால திருட்டைப் பாத்தா என்ன பண்ணறதுன்னு சொல்றதுல நான் நெம்ப கறார். பொருளை எடுத்ததுலருந்து மறைச்சு வெச்சது வரைக்கும் ஒரு ஆளு கண்ணால தொடர்ச்சியா பாத்திருக்கோணும், நடுவுல ஒரு நிமிசம் கண்ண எடுத்திருந்தாக்கூட உட்டுருங்க. பாத்தாச்சுன்னா கல்லாத் தாண்டறதுக்கு முன்னாலயே பக்கத்துல போய், தனியா, மெதுவா, "அக்கா, அதுக்கு பில் போட்டுரலாமுங்களா, மறந்துட்டீங்க போல"ன்னு கேளுங்க. பத்துக்கு ஒம்போது பேரு "ஆமாங்க, மறந்துட்டேன்"னு எடுத்துக் குடுத்துருவாங்க, நம்ம பொருளு நமக்கு வந்துருச்சு, ஓரியாட்டம் இல்லை. பொம்பளைகிட்ட பொம்பளதான் பேசோணும். கையப் புடிக்கறது, மேல தடவிச் சோதிக்கறது, குடோன்ல உக்கார வெச்சுப் பூட்டறது எல்லாம் கூடவே கூடாது, அடைச்சு வெச்சா பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 127வது பிரிவுல நம்ம மேலதான் கேஸு, ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு. திருட்டு 303வது பிரிவு, மூணு வருசம் வரைக்கும், ஆனா 5000 ரூவாக்கு கொறஞ்ச பொருளு, மொதத் தடவை தண்டனை வாங்கறவங்க, பொருளைத் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா சமூக சேவைன்னு சட்டமே எழுதி வெச்சிருக்குது. சட்டமே அத்தனை எறங்கி வர்றப்ப நாம 60 ரூவா சோப்புக்கு ஆளைக் கம்பத்துல கட்டறதா? மறுபடி மறுபடி வர்ற கூட்டம், பெரிய தொகை, மெரட்டறாங்கன்னா 100க்கோ 112க்கோ போன் அடிச்சுட்டு தள்ளி நில்லுங்க.

சின்னக் கொழந்தைக சாக்லேட்டு எடுக்கும். பள்ளிக்கோடம் உட்டு அஞ்சு மணிக்கு வர்ற கூட்டத்துல வாரத்துக்கு ஒண்ணாச்சும். அப்பன் ஆத்தாகிட்ட தனியா சொல்லுங்க, அத்தோட முடிச்சுக்குங்க. அந்தக் கொழந்தை மொகத்தை எங்கயாச்சும் போட்டீங்கன்னா சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு இல்லீன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

பெரியவங்க மொகமும் அப்படித்தான், வாட்ஸாப்புல போடறது. எங்க வியாபாரிக குரூப்புல வாரம் ஒரு வீடியோ வருது, "இந்த அம்மாவப் பாத்தா உசாரு"ன்னு. அதுல பாதி என்ற ஆத்தா கதையாத்தான் இருக்கும்னு எனக்கு இப்ப தோணும். குரூப்புல போட்டது மறுநாள் பவானிக்கும் பெருந்துறைக்கும் போயிருது, தப்புன்னு தெரிஞ்சாலும் திருப்பி எடுக்க முடியாது, அவதூறுன்னு நியாய சன்ஹிதா 356வது பிரிவுல கேஸ் போட்டா ரெண்டு வருசம் வரைக்கும் இருக்குது. கல்லா பக்கத்துல போட்டோ ஒட்டி வெக்கறதும் அதே கணக்குதான்.

நெசமாலுமே கேஸ் ஆகுதுன்னா அந்த ரெண்டு நிமிசத்தை மட்டும் போன்ல வீடியோ புடிச்சுக் குடுத்தா பத்தாது. பொட்டிலருந்தே பென் டிரைவுக்கு எடுங்க, முன்னால கால் மணி நேரம் பின்னால கால் மணி நேரம் சேத்து எடுங்க, பொட்டி கடியாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை வித்தியாசம்னு எழுதி வைங்க, பொட்டியோட சீரியல் நம்பரும் குறிச்சுக்குங்க. கோர்ட்டுல இந்த மாதிரி பதிவு செல்லோணும்னா புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேணும், பழைய சட்டத்துல 65பின்னு சொல்லுவாங்களே அதேதான், அதுல நாம ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி எழுதிக் குடுக்கோணும். போலீஸுக்கு குடுக்கறப்ப என்ன குடுத்தோம்னு எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க. டிஸ்க்கு தானா அழிச்சுட்டுப் போயிரும்ங்கறத மறந்துராதீங்க, அதே நாள் எடுத்துருங்க. வேற ஆராச்சும், அவரு எத்தனை பெரிய மனுசனா இருந்தாலும், "என்ற மருமக உங்க கடைக்கு ஆர் கூட வந்தா, காட்டு"ன்னு கேட்டா முடியாதுன்னு சொல்லோணும். கேட்டாரு ஒருத்தரு. பொட்டி ரிப்பேருன்னு சொல்லித் தாட்டி உட்டேன், இன்னிக்கு கேட்டா மொகத்துக்கு நேரா சொல்லுவேன்.

கடைசியா, நைட்டுல கேமரா லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிக்கு பல்லி வரும், சிலந்தி கூடு கட்டும், காலைல பாத்தா ராத்திரி பூராவும் ஒரு பல்லி வால் மட்டுந்தான் பதிவாகியிருக்கும். சனிக்கெழமை ஒட்டடை அடிக்கறப்ப கேமராவையும் காஞ்ச துணில தொடச்சு உடுங்க. அப்படியே பொட்டில நேத்து சாயங்காலம் ஆறு மணிப் பதிவை ஓட்டிப் பாருங்க, லைவுல படம் தெரியறது பெருசில்லை, பதிவு ஆகுதாங்கறதுதான் பாக்க வேண்டியது. சத்தியமங்கலத்துத் தம்பி புதுப் பொட்டி வாங்கி பத்து நாள் ஓட்டியிருக்குது, நான் சொன்னேன்னு நேத்து ஓட்டிப் பாத்தா ஹார்ட் டிஸ்க்கே மாட்டலையாம்.